விசாரணை நிலுவையில் உள்ளது

"தாங்கள் கோரிய தகவல் புலன் விசாரணையில் உள்ள வழக்கு தொடர்பானது. எனவே தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 8(1)(எச்)-இன்படி வழங்க இயலாது."

காவல் துறைக்கு மனு போட்ட யாருக்கும் இந்த வாசகம் மனப்பாடமாகியிருக்கும். கீழே ஒரு கையெழுத்து, ஒரு ரப்பர் முத்திரை, மேல்முறையீடு செய்ய வேண்டிய அதிகாரியின் பதவிப் பெயர். என் பணிக்காலத்தின் கடைசி ஐந்து ஆண்டுகள் தகவல் உரிமை மனுக்களுக்குப் பதில் தயாரிக்கும் மேசையில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். காவல் துறையில் இல்லை, கத்தியும் இரத்தமும் இல்லாத வேறொரு துறையில். ஆனாலும் இந்த வாசகத்தின் மீது எனக்கு எழுத்தருக்கே உரிய ஒரு சந்தேகம் உண்டு. எல்லா மனுவுக்கும் பொருந்துகிற ஒரு பதிலை, எந்த மனுவையும் படிக்காமலே எழுதிவிடலாம்.

மறுபக்கமும் எனக்குத் தெரியும். இந்த மனுக்களால் விசாரணை வேலையே கெட்டுப்போகிறது என்று காவல் துறைக்காரர்கள் சொல்வதை நம்மில் பலர் சாக்கு என்று நினைக்கிறோம். அது வெறும் சாக்கு இல்லை. அந்தச் சுமை உண்மையானது. அது எங்கிருந்து வருகிறது, எவ்வளவு தூரம் அவர்களே தலையில் ஏற்றிக்கொண்டது என்பதுதான் கேள்வி. அதைப் பார்க்க வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் ஆகையால் பிரான்சிலிருந்தே தொடங்குகிறேன். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வரலாற்று ஆசிரியர் 1789-ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தின் 17 கூறுகளையும் மனப்பாடம் செய்ய வைத்தார். 15-ஆம் கூறு சின்னது. அரசு ஊழியர் எவராயினும் அவரது நிர்வாகத்துக்குக் கணக்குக் கேட்கச் சமுதாயத்துக்கு உரிமை உண்டு என்பது அதன் கருத்து. நம் தகவல் உரிமைச் சட்டத்துக்கு இருநூறு ஆண்டுக்கு முந்தைய பாட்டன் என்று இதைச் சொல்லலாம். (சுவீடன் 1766-லேயே சட்டம் போட்டு அரசு ஆவணங்களைப் பார்க்கும் உரிமையைக் கொடுத்துவிட்டது. அதை எங்கள் ஆசிரியர் சொல்லவில்லை. பிரான்சுக்கு முன்னால் வேறொரு நாடு எதையும் செய்ததாக அவர் ஒப்புக்கொண்டதே இல்லை.)

அதே ஆசிரியர் 1539-ஆம் ஆண்டு வில்லேர்-கொத்ரே அரசாணையைப் பற்றியும் பெருமையாகச் சொல்வார். நீதிமன்றப் பத்திரங்களெல்லாம் இலத்தீனை விட்டுப் பிரெஞ்சில் எழுதப்பட வேண்டும் என்று முதலாம் பிரான்சுவா மன்னன் போட்ட ஆணை அது. அதே ஆணைதான் குற்ற வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் கிடையாது என்றும் சொன்னது. விசாரணை மூடிய அறைக்குள் போனது. சாட்சி யார், என்ன சொன்னார் என்பதெல்லாம் நேருக்கு நேர் நிறுத்தும் நாள் வரை குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்கே தெரியாது. 1670-இல் பதினான்காம் லூயி காலத்தில் வந்த ஆணை இதை இன்னும் இறுக்கியது. பிரஞ்சுப் புரட்சி கதவைத் திறந்தது. நெப்போலியன் 1808-இல் தன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதைப் பாதி மூடினார். வழக்கு நடப்பது ஊரறிய, அதற்கு முந்தைய விசாரணை மட்டும் இரகசியம். இந்தப் பாதிக்கதவு ஏற்பாடுதான் பின்னர் புதுச்சேரிக்கும் வந்து சேர்ந்தது. நம் தாத்தா காலத்து ஆட்கள் 'ழுய்ழ் தேன்ஸ்த்ருக்சியோன்' என்று பயத்தோடு சொல்வார்களே, அந்த விசாரணை நீதிபதியும் அவருடைய மூடிய அறையும் அதன் மிச்சம்தான். 1897-இல்தான் பிரான்சில் ஒரு சட்டம் வந்து, ஒவ்வொரு விசாரிப்புக்கும் முதல் நாள் குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல் கட்டைப் பார்க்கலாம் என்றது. வக்கீல் மட்டும். ஊரார் இல்லை.

1957-இல் எழுதப்பட்ட புதிய பிரெஞ்சுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, விசாரணை இரகசியமானது என்று வெளிப்படையாகவே எழுதி வைத்தது. அதற்குள் இங்கே மூவர்ணக் கொடி மாறிவிட்டது. 1963-இல் இந்தியக் குற்றவியல் சட்டங்கள் நமக்கும் நீட்டிக்கப்பட்டன. போலீஸ்காரர் தலையில் சிவப்புக் கெப்பி மட்டும் அப்படியே நின்றது.

அந்த 11-ஆம் பிரிவுக்கு இரண்டு காரணம் சொல்லுவார்கள். ஒன்று, விசாரணை கெடக்கூடாது. சாட்சியை மிரட்டக்கூடாது, தடயம் மறையக்கூடாது. இரண்டாவதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். விசாரிக்கப்படுகிறவர் குற்றவாளி என்று இன்னும் முடிவாகவில்லை, அவர் பெயர் தெருவில் நாறக்கூடாது. ஆக, இரகசியம் என்பது போலீஸ்காரருடைய சொத்து இல்லை. சாட்சிக்காகவும், ஒருவேளை நிரபராதியாக இருக்கக்கூடிய ஆளுக்காகவும் அவர் கையில் கொடுத்துவைத்த பொருள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1978 ஜூலை 17-இல் பிரான்சு தன் குடிமக்களுக்கு நிர்வாக ஆவணங்களைப் பார்க்கும் உரிமையைச் சட்டமாகக் கொடுத்தபோது, நீதிமன்ற நடவடிக்கைகளுக்கு ஊறு செய்யக்கூடியவற்றை விலக்கியே கொடுத்தது. பிரெஞ்சுக்காரர்கள் அளவில் விஷயம் அதோடு முடிந்தது. உண்மையான சண்டை நடந்தது அமெரிக்காவில். எழுத்தராக இருந்த எவருக்கும் அந்தக் கதை பிடிக்கும், ஏனென்றால் சண்டை முழுவதும் 'கோப்பு' என்ற ஒரே சொல்லைப் பற்றியது.

1966 ஜூலை 4-ஆம் தேதி அமெரிக்காவின் தகவல் சுதந்திரச் சட்டத்தில் ஜான்சன் கையெழுத்திட்டார். அதில் ஏழாவது விலக்கு, சட்ட அமலாக்கத்துக்காகத் தொகுக்கப்பட்ட விசாரணைக் கோப்புகளைக் கொடுக்க வேண்டியதில்லை என்றது. கென்னடி கொலையைப் பற்றிப் புத்தகங்கள் எழுதிய ஹரால்ட் வைஸ்பெர்க் என்பவர், துப்பாக்கிக் குண்டுத் துணுக்குகளை எஃப்.பி.ஐ. நிறமாலைச் சோதனை செய்ததன் முடிவைக் கேட்டார். கொலை நடந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. குற்றம் சாட்டப்பட்ட ஆஸ்வால்டும் செத்துப்போனார். எந்த வழக்கும் கோர்ட்டில் இல்லை. கேட்டது ஓர் ஆய்வுக்கூட முடிவு மட்டுமே. இருந்தும் 1973-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் கொடுக்க வேண்டாம் என்றது. அது விசாரணைக் கோப்புக்குள் இருக்கிறது, கோப்பு விலக்கப்பட்டது, ஆகவே அதற்குள் இருக்கும் தாளும் விலக்கப்பட்டது. நம் அலுவலகங்களில் இந்த வாதத்தைக் கேட்காதவர் யார்? ஒரு சாதாரணச் சுற்றறிக்கையை இரகசியக் கட்டுக்குள் செருகிவிட்டால் அதுவும் இரகசியமாகிவிடும்.

வாட்டர்கேட் முடிந்த கையோடு, 1974-இல், அமெரிக்க நாடாளுமன்றம் இதைத் திருத்தியது. அதிபர் ஃபோர்டு தடுப்பதிகாரத்தைப் பயன்படுத்தினார். நவம்பரில் இரு அவைகளும் அதை மீறி நிறைவேற்றின. திருத்தத்தில் 'கோப்பு' என்ற சொல் போய் 'ஆவணம்' என்ற சொல் வந்தது. அதோடு, கொடுத்தால் இன்ன கெடுதல் வரும் என்று காட்ட வேண்டும் என்று ஆறு கெடுதல்களை வரிசைப்படுத்தினார்கள். முதலாவது, நடவடிக்கைக்கு இடையூறு. ஒரு கட்டை மொத்தமாகப் பூட்டிவைக்கும் காலம் முடிந்தது. தாள் தாளாகப் பார்க்க வேண்டிய காலம் வந்தது.

பார்க்க வேண்டிய வேலை வந்தது என்றும் சொல்லலாம். தாள் தாளாகப் பார்ப்பதற்கு ஓர் ஆள் உட்கார வேண்டும். அந்த ஆளுக்குக் கட்டு கைக்கு வர வேண்டும். சுமை பிறந்த இடம் இதுதான். 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொஞ்சம் பின்வாங்கியது. ஒரு டயர் கம்பெனி, தன் மீதான தொழிலாளர் வழக்கில் சாட்சிகள் கொடுத்த வாக்குமூலங்களை, வழக்கு எடுக்கப்படும் முன்பே தகவல் சட்டத்தின் மூலம் கேட்டது. சாட்சிகள் யார்? அந்தக் கம்பெனியின் தொழிலாளர்கள். சம்பளம் கொடுக்கிறவர் கைக்கு அந்த வாக்குமூலம் போனால் என்ன நடக்கும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. இந்த வகை ஆவணத்துக்கு ஒவ்வொன்றாகக் கெடுதலைக் காட்ட வேண்டாம், வகையாகவே மறுக்கலாம் என்றது நீதிமன்றம். எனக்கு அது சரியான தீர்ப்பாகவே படுகிறது.

இனி நம் கதை. ஆங்கிலேயர் நமக்கு விட்டுப்போனது 1923-ஆம் ஆண்டு அரசு இரகசியச் சட்டம், அதற்கும் முந்தைய கேஸ் டைரி. விசாரணை அதிகாரி தினமும் எழுத வேண்டிய அந்த டைரியை நீதிமன்றம் வரவழைத்துப் பார்க்கலாம், குற்றம் சாட்டப்பட்டவர் கேட்க முடியாது. சாட்சிகளின் வாக்குமூலம் அவருக்குக் கிடைப்பது குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகு. இந்த ஒழுங்கு நூறு வருடத்துக்கும் மேலாக இருக்கிறது. அதன் நடுவில் 2005 அக்டோபர் 12-ஆம் தேதி தகவல் உரிமைச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 10 ரூபாய்க் கட்டணம். ஏன் கேட்கிறாய் என்று கேட்கக்கூடாது. 30 நாளில் பதில், உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரத்தில். தாமதமானால் நாளுக்கு 250 ரூபாய், 25,000 ரூபாய் வரை அபராதம். அதுவும் துறையின் கணக்கிலிருந்து அல்ல, அதிகாரியின் சொந்தப் பையிலிருந்து. பழைய இரகசியச் சட்டத்தோடு முரண்பட்டால் இந்தச் சட்டமே மேலோங்கும் என்றும் எழுதியிருந்தார்கள். அன்று எங்கள் அலுவலகத்தில் இதைப் படித்துக் காட்டியபோது பிரிவு அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அந்த அபராதப் பிரிவை மட்டும் இன்னொருமுறை படிக்கச் சொன்னார்.

விசாரணைக்கான விலக்கு 8(1)(எச்). விசாரணையையோ, குற்றவாளியைப் பிடிப்பதையோ, வழக்கு நடத்துவதையோ தடைப்படுத்தக்கூடிய தகவலைக் கொடுக்க வேண்டாம் என்று அது சொல்கிறது. கவனித்துப் படியுங்கள். விசாரணையில் இருக்கும் தகவல் என்று சொல்லவில்லை, விசாரணையைத் தடைப்படுத்தும் தகவல் என்கிறது. அமெரிக்காவில் எட்டு ஆண்டுச் சண்டைக்குப் பிறகு வந்த வித்தியாசம் நம் சட்டத்தில் முதல் நாளிலேயே இருந்தது. இருந்தும் மேலே நான் எழுதிய அந்த ரப்பர் முத்திரை வாசகம் நாடு முழுக்கப் புழங்கத் தொடங்கியது.

2007 டிசம்பரில் டில்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ரவீந்திர பட் அதைப் பிடித்தார். வழக்கு போலீஸ் சம்பந்தப்பட்டதுகூட இல்லை, வருமான வரித் துறை பற்றியது. வரதட்சணைப் புகாருக்கு ஆளான ஒரு கணவர், மனைவி வீட்டார் கொடுத்ததாகச் சொன்ன பணம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று வரித் துறையில் மனு கொடுத்து, அதன் மீது என்ன செய்தீர்கள் என்று கேட்டிருந்தார். விசாரணை நடக்கிறது என்ற ஒன்றே மறுப்பதற்குக் காரணமாகாது, கொடுத்தால் விசாரணை எப்படிக் கெடும் என்று அதிகாரி காரணம் காட்ட வேண்டும், அந்தக் காரணத்துக்கு ஏதாவது ஆதாரமும் இருக்க வேண்டும் என்றது தீர்ப்பு. காரணத்தை எழுத வேண்டுமென்றால் கட்டைப் படிக்க வேண்டும். சட்டத்தின் 10-ஆம் பிரிவு இன்னொரு வழியையும் கொடுத்திருக்கிறது. கொடுக்கக்கூடாத பகுதியை மறைத்துவிட்டு மீதியைக் கொடுக்கலாம். அதற்கும் கட்டைப் படிக்க வேண்டும்.

படிப்பது யார்?

காலையில் கடற்கரைச் சாலையில் என்னோடு நடக்கும் நண்பர் ஒருவர் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பல வருடம் ஸ்டேஷன் ரைட்டர். ஒருநாள் காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதையே அவரிடம் கேட்டேன்.

"சார், உங்க ஆபீசுல ஃபைலைக் கேட்டா அது பீரோவுல இருக்கும். எங்க ஃபைலு ஊரு சுத்திக்கிட்டே இருக்கும். இன்னைக்கு ரிமாண்டு நீட்டிக்கக் கோர்ட்டுல, நாளைக்குப் பி.பி. கிட்ட, அதுக்கப்புறம் எஸ்.பி. ரிவ்யூல. இருக்கறதே ஒரு கட்டு."

"நகல் எடுத்து வைக்கலாமே, ஏட்டையா?"

"எடுக்கலாம் சார். எடுக்கற ஆளு பந்தோபஸ்துக்குப் போயிருப்பான்."

அவர் சொன்னதில் நான் புரிந்துகொண்டது இதுதான். எங்கள் அலுவலகத்தில் பொதுத் தகவல் அலுவலர் வேறு, கோப்பை நடத்துகிறவர் வேறு என்றாலும் இரண்டு பேரும் ஒரே மாடியில் இருந்தோம். காவல் துறையில் பொதுத் தகவல் அலுவலர் பெரும்பாலும் மேலே, அதிகாரி மட்டத்தில். மனு அங்கிருந்து இறங்கி நிலையத்துக்கு வரும். பதில் தயாரிப்பவர் வழக்கை விசாரிக்கும் அதே உதவி ஆய்வாளர். இப்படி உதவி கேட்கப்பட்டவரையும் தகவல் அலுவலராகவே கருத வேண்டும் என்பது சட்டத்தின் 5(5) பிரிவு. அதாவது அபராதம் அவர் தலையிலும் விழலாம்.

அதே மேசையில் இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது. ஒருவரைக் கைது செய்து காவலில் வைத்தால், குற்றத்தின் கனத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் ஜாமீன் கேட்கும் உரிமை அவருக்குத் தானாகவே வந்துவிடும். கொலை வழக்கானாலும் அப்படித்தான். ஆக, ஓர் உதவி ஆய்வாளரின் மேசையில் ஒரு பக்கம் 30 நாள் கெடு, மறுபக்கம் 90 நாள் கெடு. இரண்டுக்கும் வேண்டியது ஒரே கட்டு, ஒரே ஆள். பிரிட்டனில் இதற்கு ஒரு வரம்பு வைத்தார்கள். தகவலைத் தேடி எடுக்க 18 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால் காவல் துறை மறுக்கலாம். நம் சட்டத்தில் அப்படி மணிக்கணக்கு கிடையாது. 7(9) பிரிவு, துறையின் ஆள்பலத்தை அளவுக்கு மீறித் திசைதிருப்பும் என்றால், கேட்ட வடிவில் கொடுக்க வேண்டாம் என்கிறது. வடிவத்தைத்தான் மாற்றலாம், தகவலையே மறுக்க அது இடம் கொடுக்கவில்லை.

என்ன மாதிரி மனுக்கள் வரும் என்று ஏட்டையாவைக் கேட்டேன். அவர் விரல் விட்டுச் சொன்னார். குற்றம் சாட்டப்பட்டவரின் மச்சான் வேறு பெயரில் போடும் மனு, யார் யார் சாட்சி, என்ன சொன்னார்கள் என்று கேட்டு. அமெரிக்க டயர் கம்பெனி கேட்டது இதைத்தான். "மேற்படி வழக்கின் அனைத்து ஆவணங்களும்" என்று வக்கீல் குமாஸ்தா எழுதிக் கொடுத்த மனு. பத்து வருடத்துக் கணக்குக் கேட்கும் மனு. இவையெல்லாம் தொல்லைதான், ஆனால் குறைவு என்றார். அடுக்கடுக்காக வருவது வேறொன்று.

"என் கம்ப்ளெயின்ட் என்ன ஆச்சுன்னு கேக்கறதுதான் சார் நிறைய. மோட்டார் சைக்கிள் போச்சு, செயின் போச்சு, சீட்டுக் கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான். மூணு தடவ ஸ்டேஷனுக்கு வந்து பாத்துட்டு, நாலாவது தடவ பத்து ரூபா போஸ்டல் ஆர்டரோட வருவாங்க."

நான் இந்தக் கட்டுரையை எழுதக் காரணமே அந்த வாக்கியம்தான். விசாரணைக்குச் சுமை என்று சொல்லப்படும் மனுக்களில் பெரும்பகுதி, நிலையத்து மேசையில் ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்க வேண்டிய பதிலுக்காகப் போடப்பட்டது. அந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடித்தவர்களுக்குத்தான் பின்னால் மனு, முதல் மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு என்று வட்டியோடு வந்து சேர்கிறது. நமக்கோ மாநிலத் தகவல் ஆணையம் கிடையாது. யூனியன் பிரதேசம் ஆனதால் இரண்டாம் மேல்முறையீடு டில்லியில் உள்ள மத்திய தகவல் ஆணையத்துக்குப் போகிறது. காணாமல் போன ஒரு மோட்டார் சைக்கிளுக்காக ஓர் உதவி ஆய்வாளர் வழக்குக் கட்டோடு காணொலி அறையில் டில்லியைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

2011-ஆம் ஆண்டு இந்த விஷயத்தில் முக்கியமானது. ஆகஸ்டு மாதம் உச்ச நீதிமன்றம், விடைத்தாள் நகல் கேட்ட ஒரு மாணவரின் வழக்கில் அவருக்குச் சாதகமாகவே தீர்ப்புச் சொன்னது. கூடவே, அரசு ஊழியரில் 75 சதவீதம் பேர் தங்கள் நேரத்தில் 75 சதவீதத்தைத் தகவல் திரட்டிக் கொடுப்பதிலேயே செலவழிக்கும் நிலையை நாடு விரும்பவில்லை என்ற பொருளில் ஓர் எச்சரிக்கையையும் வைத்தது. தீர்ப்பின் முதல் பாதியை மறந்தவர்கள்கூட இந்த 75-ஐ மறக்கவில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஜூனில், மத்திய அரசு சி.பி.ஐ.-யைத் தகவல் உரிமைச் சட்டத்தின் எல்லையிலிருந்தே வெளியே எடுத்துவிட்டது. 24-ஆம் பிரிவு உளவு, பாதுகாப்பு அமைப்புகளுக்காக வைத்த வாசல். தமிழ்நாடு அரசு 2008-லேயே அந்த வாசலின் வழியாகத் தன் இலஞ்ச ஒழிப்புத் துறையை வெளியே அனுப்பிவிட்டது. ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய தகவலுக்கு இந்த விலக்கு பொருந்தாது என்று அதே பிரிவில் ஒரு நிபந்தனை உண்டு. இலஞ்சத்தை மட்டுமே விசாரிக்கும் ஒரு துறையை அந்த வாசல் வழியே அனுப்பிய பிறகு, அந்த நிபந்தனைக்கு என்ன பொருள் என்று வக்கீல்கள் நீதிமன்றங்களில் வாதாட வேண்டியதாயிற்று.

என் கருத்து, இது அமெரிக்கக் 'கோப்பு' காலத்துக்குத் திரும்பிப் போவது. தாள் தாளாகப் பார்க்க ஆள் இல்லை என்பதற்காக அலமாரியையே பூட்டுவது. சாட்சியின் பெயரை மறைக்க வேண்டும் என்பதில் இரண்டாம் பேச்சு இல்லை. உயிருக்கு ஆபத்து வரக்கூடிய தகவலைத் தடுக்க 8(1)(ஜி) என்று தனிப் பிரிவே இருக்கிறது. ஆனால் குற்றப்பத்திரிகை எந்தத் தேதியில் தாக்கலானது என்று சொன்னால் எந்தச் சாட்சிக்கும் ஒன்றும் ஆகாது. முன்பு சொன்னேன் அல்லவா, இரகசியம் சாட்சிக்காகவும் சந்தேகத்துக்கு உள்ளானவருக்காகவும் என்று. மூன்றாவதாக ஓர் ஆள், வேலை செய்யாத அதிகாரி, அதே போர்வைக்குள் நுழைந்து படுத்துக்கொள்கிறார். நன்றாக வேலை செய்யும் அதிகாரிகளுக்கும் இவரால்தான் கெட்ட பெயர்.

மறுபுறம் சில கதவுகள் திறந்தன. 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்றவை நீங்கலாக. இணைய வசதி இல்லாத இடத்துக்கு 72 மணி நேரம் வரை அவகாசம். எஃப்.ஐ.ஆர். நகலுக்காக மனு போடும் வேலை இதனால் பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் குற்றப்பத்திரிகைகளையும் அப்படியே ஏற்ற வேண்டும் என்று 2023 ஜனவரியில் கேட்டபோது அதே நீதிமன்றம் மறுத்துவிட்டது. சாட்சி, சந்தேக நபர் இருவர் உரிமையும் பாதிக்கப்படும் என்றது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். கோடு போட வேண்டிய இடம் அதுதான்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 193-ஆம் பிரிவில் ஒரு சிறு வாசகம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற அதன் பெயரை நம் வாயில் நுழைக்க இன்னும் சில காலம் ஆகும், அது வேறு விஷயம். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதைப் புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ 90 நாளுக்குள் காவல் அதிகாரி தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. மின்னணு வழியிலும் தெரிவிக்கலாம். கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தாலும் போதும். 10 ரூபாய் வேண்டாம், மனு வேண்டாம். கேட்காமலே சொல்ல வேண்டியது அவர் கடமை. 1789-இன் 15-ஆம் கூறு ஒரு வழியாக ஸ்டேஷன் வாசல்வரை வந்துவிட்டது என்று ஏட்டையாவிடம் சொன்னேன்.

"வந்துடுச்சு சார். யார் மெசேஜ் அனுப்பறது?" என்றார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. விசாரணைக்குத் தனி ஆள், பந்தோபஸ்துக்குத் தனி ஆள், பதில் எழுத ஒரு தனி எழுத்தர் என்று பிரிக்காத வரையில் அந்தக் கேள்வி நிற்கும். சம்பளக் கணக்கில் பார்த்தால் ஒரு நிலையத்துக்கு ஓர் இளநிலை எழுத்தர் பெரிய செலவு இல்லை. எழுத்தர் வர்க்கத்துக்கு ஆள் பிடிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.

நம் வயதுக்காரர்கள் பலர் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, வீட்டுத் திருட்டு, பத்திர மோசடி என்று நிலையத்துக்கு அலைகிறீர்கள் என்று தெரியும். அதனால் மேசை அனுபவத்தில் ஒன்றிரண்டு சொல்கிறேன். எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம், அதற்கு மனு தேவையில்லை. 90 நாள் கடந்தும் தகவல் வரவில்லை என்றால் முதலில் அந்த 193-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு நிலைய ஆய்வாளருக்கு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புதல் வாங்குங்கள். அதன் பிறகும் தகவல் உரிமை மனுதான் போட வேண்டும் என்றால், "அனைத்து ஆவணங்களும்" என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் மறுப்பதற்கு நீங்களே பேனாவை எடுத்துக் கொடுத்தது போல. எஃப்.ஐ.ஆர். எண்ணைப் போட்டு, தற்போதைய விசாரணை அதிகாரியின் பதவி என்ன, குற்றப்பத்திரிகையோ முடிவறிக்கையோ தாக்கலாகிவிட்டதா, எந்தத் தேதி, எந்த நீதிமன்றம் என்று மட்டும் கேளுங்கள். இதற்குக் கட்டே வேண்டாம், நிலையப் பதிவேட்டைப் பார்த்து ஏட்டே எழுதிவிடுவார். தாக்கலாகிவிட்டது என்றால், நீங்கள் ஒரு வக்கீல் வைத்திருக்கும் பட்சத்தில், பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் நகல் பெற அதே புதிய சட்டத்தின் 230-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் ஆஜரான நாளிலிருந்து 14 நாளுக்குள்.